எடை மெஷினும் ஏர்க்காலும்

தோழிகளே,

போன மாதம் நாம் எல்லோரும் கூடினோமே, அந்த மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நம்மில் ஒருத்தி கைப்பையிலிருந்து பழுப்பேறிய அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினாள். ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடம் கொடுத்த உடல்நல அட்டை. ஆடி மாதத்தில் முப்பத்தொரு கிலோ, தை மாதத்தில் முப்பத்தைந்து கிலோ என்று மை கலங்கி எழுதியிருந்தது. "ஆறு மாசத்துல நாலு கிலோவாம். இந்த அட்டையப் பார்த்துட்டு எங்கம்மா எனக்கு ராத்திரி இட்லியில ரெண்ட கொறைச்சிட்டாங்கடி" என்று அவள் சொன்னதும் மண்டபமே சிரித்தது. அப்போது இன்னொருத்தி என்னையும் பாய் மகளையும் கைகாட்டி, "இவங்க ரெண்டு பேருந்தானே அந்த வருஷம் ஸ்கூல் எடை மெஷின திருடிக்கினு போனவளுங்க?" என்று கேட்டு வைத்தாள்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாய் மகள் புர்காவின் ஓரத்தால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். இத்தனை வருடம் கழித்தும் திருடிகள் என்ற பட்டம் எங்களைவிட்டுப் போகவில்லையே என்று வீட்டுக்கு வந்த பிறகு ஆத்திரமாக வந்தது. முட்டிவலியோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாங்கள் திருடவில்லை. ஆறாம் வகுப்பின் சுகாதார மந்திரி தன் அதிகாரத்தைப் பயன்படுத்தினாள், அவ்வளவுதான்.

மந்திரிகள் ஞாபகம் இருக்கிறார்களா? கரும்பலகை துடைக்க ஒரு மந்திரி, தண்ணீர்ப் பானைக்கு ஒரு மந்திரி. பாய் மகள் சுகாதார மந்திரி. நகம் பார்ப்பாள், தலையில் பேன் பார்ப்பாள், நம் எல்லோருடைய எடையையும் பார்த்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைப்பாள். எடை மெஷின் இருந்த அலமாரியின் சாவி அவள் பாவாடை நாடாவில் தொங்கும். வட்டமான கண்ணாடிக்குள் சிவப்பு முள், பச்சை ரப்பர் மேல்தட்டு, நூற்றிருபது கிலோ வரை கோடு. நம் வகுப்பிலேயே கனமானவள் அவள்தான், நாற்பத்திரண்டு. அதைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டவள். ஒரு கிலோகூடக் குறைத்து எழுதவில்லை. அதனால்தான் அவளை எனக்குப் பிடிக்கும்.

அந்த வருடம் ஐப்பசி மழை விடாமல் பிடித்தது. வேகவதி ஆற்றில் தண்ணீர் வந்தது. எங்கள் தெரு பள்ளத்தில் இருப்பதால் தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை, தரைக்குள்ளிருந்து ஊறியது. தறிக்குழியில் அப்பா கால் வைத்து மிதிக்கும் இடத்தில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர். அதில் ஒரு தவளை குடித்தனம் நடத்தியது. ஈரச் சாக்கும் கஞ்சிப் பசையும் பட்டும் கலந்து ஒரு வாடை வீடு முழுக்க அடித்தது. இப்போதும் மழைக்காலத்தில் பீரோவைத் திறந்தால் அந்த வாடை எனக்கு மட்டும் வருகிறது. மருமகளுக்கு வரவில்லையாம்.

தெருவில் பன்னிரண்டு தறி. எங்கள் வீட்டில் மட்டும் மூன்று. எல்லாவற்றிலும் தை முகூர்த்தத்துக்கான சேலைகள் பாதி நெய்தபடி நின்றன. முசரவாக்கத்தில் ஓடாமல் கிடந்த ஒரு ரைஸ் மில் கொட்டகை, உயரமான சிமெண்டுத் தரையோடு கிடைத்தது. மழைக்காலம் முடியும்வரை தறிகளை அங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று தெருவே கூடி முடிவெடுத்தது. கொண்டுபோக டிராக்டர் பாய்.

அவர்தான் பாய் மகளின் அப்பா. நம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புளியமரம் நின்ற மனையில் குடியிருந்தார். ஆற்காட்டிலிருந்து வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. சிவப்பு டிராக்டர், அதற்குப் பின்னால் இரண்டு சக்கரத்தோடு ஒரு மரப்பெட்டி வண்டி. டிராக்டரின் கொக்கியில் மாட்டுவதற்காக அந்த வண்டியின் முன்னால் நீண்டிருக்கும் இரும்பை, மாட்டு வண்டியில் சொல்வதுபோல ஏர்க்கால் என்றே எல்லோரும் சொன்னோம். இந்தக் கதையே அந்த ஏர்க்காலைப் பற்றியதுதான்.

எங்கள் மூன்று தறிதான் முதலில் போனது. ஏற்றும்போது நான் அங்கேயே நின்றேன். தறியில் சேலைக்குப் பூ போடுகிற ஜக்கார்டுப் பெட்டி முழுக்க இரும்பு, இரண்டு ஆள் தூக்கவேண்டும். அதிலிருந்து தொங்கும் நூற்றுக்கணக்கான கயிறுகளோடு, சேலையின் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகள் கோத்திருக்கும். பிரித்தால் மறுபடி கோக்க நாள் கணக்கில் ஆகும். அதனால் பெட்டி போகும் இடத்துக்குத்தான் பட்டும் போகவேண்டும். டிராக்டரோ, புகைபோக்கியிலிருந்து கரும்புகையை ஊதி ஊதி வண்டியின் முன்பக்கத்தில்தான் இறக்கும். அரக்கு நிறப் பாவில் ஒரு பொட்டுக் கரி விழுந்தாலும் அந்தச் சேலை மணப்பெண்ணுக்கு ஆகாது. எனவே அப்பா என்ன செய்தார், மூன்று ஜக்கார்டுப் பெட்டிகளையும் பாவோடு சேர்த்து வண்டியின் கடைசியில், வால்பலகையை ஒட்டி வைத்தார். தறிக்காரர் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

டிராக்டர் பாய் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பொட்டிங்கள கொஞ்சம் முன்ன தள்ளி வைங்க. ஏர்க்கால்ல பாரமே இல்ல. வண்டி வாலாட்டும்."

"முன்ன வெச்சா உன் வண்டி ஊதற புகையெல்லாம் யாரு பாவு மேல வரும், பாய்? நீ ஓட்டற வேலையப் பாரு. ஏத்தற வேலைய நாங்க பார்த்துக்கறோம்."

பாய் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். அன்றைக்கு மழை லீவு என்பதால் நானும் போனேன். பாய் மகள் டிராக்டரின் சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகட்டில் தன் அப்பா பக்கத்தில். நான் வண்டியின் கடைசியில், பட்டு நூல் மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி. அப்பா நடுவில்.

திருப்புட்குழி வரை ஒன்றுமில்லை. அதைத் தாண்டி ஓர் ஏரிக்கரைமேல் ஏறி இறங்கவேண்டும். ஏறும்போதே ஒரு பூக்காரர் சைக்கிளில் எங்களைத் தாண்டிப் போனார். தாழம்பூ வாசனை என் மூக்கில் பட்டது. அவ்வளவு மெதுவாகத்தான் பாய் ஓட்டினார். இறக்கத்தில் வண்டியின் வால் ஒரு சாண் இடதுபக்கம் போனது. பிறகு வலதுபக்கம் ஒரு முழம். மறுபடி இடதுபக்கம். என் வயிறு ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் போனோம். முன்னால் டிராக்டர் நேராகப் போகிறது, பின்னால் நாங்கள் மட்டும் ரோட்டைப் பெருக்கிக்கொண்டு போகிறோம். பாய் வேகத்தைக் குறைத்தார், ஆட்டம் கூடியது. கடைசியில் வண்டியின் பின்பாதி வாய்க்காலுக்குள் இறங்கி நின்றது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் சேற்றில் விழுந்தேன், ஆனால் பட்டு மூட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே விழுந்தேன். அதில் எனக்கு இன்றுவரை பெருமைதான். ஒரு ஜக்கார்டுப் பெட்டி மட்டும் உருண்டு, அதனோடு கோத்திருந்த பாவு இழைகள் கொத்தாக அறுந்துபோயின. அப்பா அறுந்த இழைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாய்க்கால் ஓரத்தில் குந்திவிட்டார். டிராக்டரைக் கழற்ற பாய் கொக்கியின் கம்பியை உருவியபோது ஏர்க்கால் விசுக்கென்று மேலே எழும்பி அவர் கையில் அடித்தது. பின்பக்கம் பள்ளத்தில் இறங்கியதால்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அப்பா என்னிடம் திரும்பினார். "பின்னால உக்காந்துக்கினு இருந்தியே, நீ சொல்லு. வேகமா ஓட்டினாரா?"

நான் அழுதேன். பயத்தில் வந்த அழுகை. அதை 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. தோழிகளே, நான் செய்த தப்பு இது ஒன்றுதான், இதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த இரண்டு நாளில் தெருவில் கதை வளர்ந்தது. பாய் ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று வண்டியை விரட்டினாராம், அதனால்தான் கவிழப் பார்த்ததாம். அண்டா கழுவும் இடத்திலும் பால் வாங்கும் இடத்திலும் இதே பேச்சு. படித்த வாத்தியார் ஒருத்தர்கூட அதை நம்பினார். வண்டி வாய்க்காலில் இறங்கியது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வியாழக்கிழமையே யார் விரட்டிக்கொண்டு போவார்கள்? காலண்டரைக் கிழிக்கும் பெரியவர்கள் அத்தனை பேர் இருந்தும் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

மீதி ஒன்பது தறிக்கு வேறு டிராக்டர் பேசினார்கள். திங்கட்கிழமை வருவதாக ஏற்பாடு. ஒரு தெரு கைவிட்டால் மற்ற தெருவும் கைவிடும். சனிக்கிழமை காலையில் பாய் மகள் எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்து நின்றாள்.

"அரையாண்டுப் பரீட்சையோட டிசி வாங்கிக்கினு ஆற்காட்டுக்குப் போறோம். இந்த ஊர்ல இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்கன்னு அப்பா சொல்லிட்டாரு" என்றாள்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவள் இல்லாத பெஞ்சை நினைக்கவே முடியவில்லை. பூக்காரர் சைக்கிள், என் அழுகை, நான் வாயைத் திறக்காதது எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி அழ ஆரம்பித்தேன். அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அழறத நிறுத்து. அன்னிக்கு அழுததே போதும். நீ இப்ப போய் சொன்னா உங்கப்பா நம்புவாரா?"

"மாட்டாரு."

"அப்ப அளந்து காட்டலாம். ஏர்க்கால்ல பாரம் இல்லன்னு எங்கப்பா சொன்னாரு இல்ல? பாரம்னா கிலோ. கிலோன்னா என் டிபார்ட்மென்ட்."

அப்படித்தான் சொன்னாள், பதினொரு வயதில்.

அன்றைக்கே அலமாரி திறந்தது. மெஷினைப் புத்தகப் பையில் போட்டு, மேலே ஒரு பாவாடையை மடித்து வைத்து, ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தோம். வாட்ச்மேன் தாத்தா, "என்னம்மா அவ்ளோ கனம்?" என்று கேட்டதற்கு மந்திரி, "புக்கு தாத்தா, பரீட்சை வருதில்ல" என்றாள். இந்த இடத்தில் மட்டும் திருட்டு வாடை கொஞ்சம் அடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

பாய் வீட்டு மனையில் காலி வண்டி தனியாக நின்றது. ஏர்க்காலுக்கு அடியில் ஒரு மரமுட்டு. ஏர்க்காலை நேராக மெஷின்மேல் வைத்தால் மெஷின் சப்பளிந்துவிடும் என்று எங்களுக்கே தெரிந்தது. நகராட்சிப் பூங்காவில் ஏற்ற இறக்கப் பலகை ஆடியவர்கள்தானே நாங்கள். அவள் கனம், நான் ஒல்லி. அவள் பலகையின் நடுவை நோக்கி நகர்ந்து உட்கார்ந்தால்தான் என் பக்கம் கீழே வரும். எங்கே உட்கார்ந்தால் எவ்வளவு கனம் இறங்கும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் பிருஷ்டத்தில் எழுதியிருந்தது. உறுதியான ஒரு நீளமரம் கிடைத்தால் போதும்.

நான் வீட்டுக்கு ஓடி, அப்பாவின் பழைய படமரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். நெய்த சேலையைச் சுற்றிக்கொள்ளும் உருட்டுமரம் அது. ஒரு முனையைச் செங்கல்மேல் வைத்தோம், மறுமுனையை மெஷின்மேல். மரத்தின் எடைக்கு முள் ஆறில் நின்றது. செங்கல்லிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அவள் ஏறி நின்றாள், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். முள் இருபதுக்கு வந்தது. ஆறைக் கழித்தால் பதினான்கு. பதினான்கை மூன்றால் பெருக்கினால் நாற்பத்திரண்டு. நோட்டில் எழுதியிருந்த அதே நாற்பத்திரண்டு! இரண்டு பேரும் புளியமரத்தைச் சுற்றிக் கத்திக்கொண்டே ஓடினோம். சத்தியமாகச் சொல்கிறேன், பிள்ளை பெற்றபோதுகூட அவ்வளவு துள்ளவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இனி உங்களுக்கே ஞாபகம் வரும். "வண்டி விளையாட்டு" என்று உங்களில் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்தோம் அல்லவா? ஆளுக்கொரு கமர்கட் கொடுத்தோமே? அது விளையாட்டில்லை, தோழிகளே. நீங்கள்தான் ஜக்கார்டுப் பெட்டி. யார் எத்தனை கிலோ என்பது மந்திரியின் நோட்டில் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் உங்களைப் பொறுக்கினோம்.

டிராக்டர்க்காரர் மகள் என்பதால் அவள் முதலில் சக்கரங்களுக்குக் கல் வைத்தாள். வால்பக்கம் அடியில் கருங்கல் அடுக்கி, ஒரு சாணுக்கு மேல் வண்டி சாயாதபடி செய்தாள். பிறகு ஏர்க்காலை நெம்பி முட்டுக்கட்டையை எடுத்துவிட்டு, படமரத்தின்மேல் அதே மூன்றில் ஒரு பங்கு இடத்தில் மெதுவாக இறக்கினோம். காலி வண்டிக்கே முள் நாற்பதுக்குப் போனது. மரத்தின் எடையைக் கழித்தால் முப்பத்து நாலு. மூன்றால் பெருக்கினால் ஏர்க்காலில் நூறு கிலோவுக்கு மேல்.

அந்த நேரம் பார்த்து அப்பா வந்து சேர்ந்தார். படமரத்தைக் காணோம் என்று தேடிக்கொண்டு வந்தவர். எங்கள் வீட்டில் தறிமரத்தில் கால் படக்கூடாது. தெரியாமல் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவேண்டும். ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் அழியாத படமரம், செங்கல்லுக்கும் இரும்புக்கும் நடுவில் மண்ணில் கிடக்கிறது. போதாததற்கு, சரிதானா என்று இன்னொரு தடவை பார்க்க பாய் மகள் அதன்மேல் ஒரு காலை வைத்திருந்தாள்.

"அடிப்பாவிங்களா! எடு கால!" என்று அவர் போட்ட சத்தத்தில் நீங்கள் பாதிப் பேர் வண்டியிலிருந்து குதித்து ஓடப் பார்த்தீர்கள். பாய் வீட்டுக்குள்ளிருந்து பாய் வெளியே வந்தார். அவர் மனைவியும் கதவோரம் வந்து நின்றாள். அப்பா என் காதைப் பிடித்துத் திருகினார். அந்த வலியில்தான் எனக்கு வாய் திறந்தது.

"பாய் வேகமா ஓட்டல பா! பூக்காரர் சைக்கிளே நம்மள தாண்டிப் போச்சு. நான் பயத்துல அழுதேன். நீ ஆமான்னு நெனச்சிக்கின. நீ பொட்டிய வெச்ச எடந்தான் தப்பு."

அப்பாவின் கை என் காதிலேயே நின்றது. பாய் மகள் காலை எடுத்துவிட்டு, படமரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. பிறகு சுகாதார மந்திரியின் குரலில் சொன்னாள்: "மாமா, ஒரு நிமிஷம் முள்ள மட்டும் பாருங்க. அப்புறம் எங்கள அடிங்க." உங்கள் பத்துப் பேரையும் வண்டியின் வால்பலகை ஓரத்துக்குப் போய் உட்காரச் சொன்னாள்.

ஒவ்வொருத்தியாக நீங்கள் பின்னால் நகர நகர முள் இறங்கியது. முப்பது. இருபது. பத்து. எட்டாவது ஆள் உட்கார்ந்ததும் ஏர்க்கால் படமரத்தை விட்டுத் தானாக எழும்பியது. வண்டி வால்பக்கக் கல்லில் முட்டி நின்றது, நீங்கள் வீலென்று கத்தினீர்கள். மெஷினில் வெறும் மரத்தின் ஆறு கிலோ மட்டும்.

அப்பா என் காதை விட்டார். தலைமுடி கனத்துக்கு ஓர் இழை தளர்ந்தாலும் கண்டுபிடிக்கும் கண் அவருக்கு. கிட்டே போய் அந்தரத்தில் நின்ற ஏர்க்காலை ஒற்றை விரலால் அழுத்தினார். இறங்கியது. விரலை எடுத்தார். எழும்பியது. மறுபடி அழுத்தினார். நான்கைந்து தடவை இதையே செய்தார். வாய்க்கால் ஓரத்தில் கம்பியை உருவியபோது பாய் கையில் அடித்த ஏர்க்கால் அவருக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும்.

"பாய், இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார், திரும்பாமலே.

"சொன்னேன் அண்ணே. ஏத்தும்போதே சொன்னேன்."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அப்பாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். பாய் பக்கம் திரும்பி, "எவ்ளோ பாரம் இருக்கணும்?" என்று கேட்டார்.

"அளந்தெல்லாம் எனக்குத் தெரியாது. லோடு ஏத்தினப்புறம் ஏர்க்கால தூக்கிப் பார்ப்பேன். ரெண்டு ஆளு மூச்சப் புடிச்சாதான் அசையணும். ரொம்ப முன்ன போட்டாலும் ஆகாது, டிராக்டரு மூக்க தூக்கிக்கும், ஸ்டியரிங் பேசாது."

மந்திரி உடனே உங்களைக் கிளப்பி வண்டியின் முன்பக்கத்துக்கு அனுப்பினாள். அப்பாவும் பாயும் ஆளுக்கொரு பக்கம் ஏர்க்காலைப் பிடித்துத் தூக்கினார்கள். நீங்கள் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று நகர, இரண்டு பேருக்கும் கழுத்து நரம்பு புடைத்துச் சரியாக அசைந்த இடத்தில் பாய், "இதான்!" என்றார். இறக்கி வைத்ததும் நான் முள்ளைப் படித்தேன். ஐம்பத்தாறு. ஆறு போக ஐம்பது. மூன்றால் பெருக்கி நூற்றைம்பது என்று மந்திரி நோட்டில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டாள். பாய் தன் மகளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் பார்க்க நான் எத்தனை காது திருகலும் வாங்கியிருப்பேன்.

அப்பா படமரத்தைத் துண்டால் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மன்னிப்பும் இல்லை, பாராட்டும் இல்லை. வேறு டிராக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாரா, இல்லையா? கேட்கவும் பயம்.

திங்கட்கிழமையும் மழை லீவு. காலையில் தெருவில் டிராக்டர் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் சிவப்பு. பாய் நேராக உட்கார்ந்து, தலையில் வெள்ளைத் தொப்பியோடு ஓட்டிக்கொண்டு வந்தார். பெரியப்பா வீட்டுத் தறிகளை ஏற்ற ஆரம்பித்தார்கள். ஜக்கார்டுப் பெட்டிகளை அப்பாவே நின்று சக்கரத்துக்குச் சற்று முன்னால் வைக்கச் சொன்னார். பெரியப்பா, "புகைடா, பாவு மேல புகை வரும்டா" என்று கத்தினார். அப்போது பாய் வீட்டம்மா மனையிலிருந்து பெரிய ஜமுக்காளம் ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தாள். பெருநாளுக்கு உறவுக்காரர் எல்லாம் உட்கார விரிப்பது. மடித்து நான்கு சுற்று சுற்றினால் பட்டைப் புகை எட்டிப் பார்க்காது. இவ்வளவுதான் விஷயம். காலங்காலமாகப் பட்டைக் காப்பாற்றுகிற எங்கள் ஆட்களுக்கு, மூடினால் போதும் என்பது தோன்றவில்லை, தள்ளி வைக்கத்தான் தோன்றியது.

ஏற்றி முடித்ததும் அப்பா வீட்டுக்குள் போனார். அந்தப் படமரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். குங்குமம் புதிதாக வைத்திருந்தார். தன் கையாலேயே செங்கல்லை வைத்து, மரத்தின் ஒரு முனையை அதன்மேலும் மறுமுனையை மெஷின்மேலும் கிடத்தினார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. பாய் கம்பியை உருவினார், ஏர்க்கால் மரத்தின்மேல் கனமாக உட்கார்ந்தது. அப்பா மெஷினைப் பார்க்கவில்லை. பாய் மகளைப் பார்த்தார்.

"முள்ளு எங்கம்மா நிக்குது?"

"ஐம்பத்திரண்டு மாமா. இன்னும் நாலு வேணும். ஒரு பொட்டிய அரை முழம் முன்ன தள்ளச் சொல்லுங்க."

"கேட்டுச்சா? அரை முழம் முன்ன தள்ளுங்க!" என்று அப்பா பெரியப்பாவைப் பார்த்துக் கத்தினார்.

அன்றைக்கு அவர் வண்டியில் ஏறவில்லை. டிராக்டரில் பாய் பக்கத்தில், சக்கரத் தகட்டில் உட்கார்ந்துகொண்டார். ஊரே பார்க்கட்டும் என்றுதான் உட்கார்ந்தார் என்று இப்போது புரிகிறது. நானும் பாய் மகளும் வண்டியின் கடைசியில். ஏரிக்கரை இறக்கம் வந்தபோது அவள் என் கையை நசுக்கினாள். வண்டி அலுங்காமல் குலுங்காமல் இறங்கியது. அப்பா ஒரு தடவை திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார். ஒன்பது தறியும் இப்படியே போயின. எங்கள் எண் வராமல் வண்டி கிளம்பவில்லை. பாய் ஊரைவிட்டுப் போகவில்லை, டிசி வாங்கவில்லை, என் பெஞ்சு காலியாகவில்லை. தை மாதம் அந்தத் தறிகளையெல்லாம் திருப்பிக் கொண்டுவந்ததும் அவர்தான்.

அந்த வண்டி இப்போது இல்லை. சக்கரம் வேறு எங்கோ, பலகை வேறு எங்கோ. பெட்டி வைக்கவேண்டிய இடத்துக்கு அப்பா பட்டுச் சாயத்தில் தொட்டு அரக்குக் கோடு ஒன்று இழுத்திருந்தார். அந்தப் பலகைத் துண்டு கிடைத்தால் என்ன விலையும் கொடுப்பேன். பாய் மகள் இன்று எத்தனையோ லாரிக்கு முதலாளி. லோடு ஏற்றும் இடத்தில் அவள் வந்து நின்றால் டிரைவர்கள் எல்லாம் நிமிர்ந்து நிற்கிறார்கள், நானே பார்த்தேன்.

இனி அந்த எடை மெஷின். கடைசித் தறி ஏற்றிய அன்று படமரம் உருண்டு, ஏர்க்கால் மெஷின்மேலேயே இறங்கிவிட்டது. ஒரு நொடிதான். தூக்கிப் பார்த்தோம், கண்ணாடி உடையவில்லை. ஆனால் மேலே ஒன்றும் இல்லாதபோதே முள் இரண்டு கிலோ காட்டியது. தட்டினோம், குலுக்கினோம், ஊதினோம். நகரவில்லை. பேசாமல் கொண்டுபோய் அலமாரியில் வைக்கும்போது தலைமையாசிரியையிடம் மாட்டிக்கொண்டோம். மந்திரி பதவி அங்கேயே பறிபோனது, திருடிகள் என்று பெயரும் வந்தது. ஆனால் டீச்சர் முள்ளைப் பார்க்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அந்த மெஷினில்தான் தை மாதம் நம் எல்லோருக்கும் எடை பார்த்தார்கள், அதற்கடுத்த வருடங்களிலும் பார்த்தார்கள்.

ஆகவே, இட்லி இரண்டு குறைந்தவளே, நீ ஆறு மாதத்தில் ஏறியது இரண்டு கிலோதான். மீதி இரண்டு கிலோ உன்னுடையதல்ல. அது பாய் வண்டியின் ஏர்க்கால் பாரம். நம் வகுப்பு முழுக்க ஆளுக்கு இரண்டு கிலோ அதைச் சுமந்திருக்கிறோம், எனக்கும் என் தோழிக்குமாக. அடுத்த தடவை கூடும்போது உனக்குப் பாக்கி இருக்கும் இட்லி அத்தனையும் எங்கள் செலவு. நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்று எண்ணி எண்ணிப் போடுகிறோம்.